யூஏஏபி போர்டுக்கு ஒரு திறந்த மடல்: போட்டி உங்களோடது, பெஞ்சு மட்டும் பசங்களுக்கா?

மணிலால எட்டு யுனிவர்சிட்டி சேர்ந்து நடத்தற விளையாட்டு லீக்தான் யூஏஏபி, அதோட போர்டுல இருக்கிற எட்டு யுனிவர்சிட்டி பெரியவங்களுக்கும் வணக்கம்ங்க.

நான் உங்க எட்டுல எதுலயும் படிச்சவன் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். வேலைக்காக மணிலா வந்து, கியூசான் சிட்டில கட்டிபூனான் ரோட்டை ஒட்டி வாடகைக்கு இருக்கிறவன். ரோட்டுக்கு ஒரு பக்கம் அட்டேனியோ யுனிவர்சிட்டி, கொஞ்சம் மேல போனா அந்தப் பக்கம் யூபி (உத்தரப் பிரதேசம் இல்லீங்க, யுனிவர்சிட்டி ஆஃப் த பிலிப்பீன்ஸ்). காலைல அட்டேனியோ கேட்டுக்கு போற கார் வரிசைல மாட்டினா ஆபீஸுக்கு லேட்டுதான், சாயங்காலம் யூபி ஏரியா டூல கோழிக்குடலை குச்சில கோத்து கரில சுட்டு வினிகர்ல முக்கி தின்னுட்டு வீட்டுக்கு வருவேன். இந்த ரெண்டு கேட்டுக்கு நடுவுல குடியிருந்துட்டு யூஏஏபி பாஸ்கெட்பால் பைத்தியம் பிடிக்காம இருக்கவே முடியாது. போதாக்குறைக்கு இங்க மெடிசின் படிக்க வந்த நம்ம தமிழ்நாட்டு பசங்க சிலபேர் ஒருநாள் அரனெட்டா கொலீசியத்துக்கு என்னைய இழுத்துட்டுப் போய் மேல் வரிசைல உட்கார வச்சாங்க, அத்தோட என் சனி ஞாயிறு போச்சு. தமிழ்ல ஏன் எழுதறேன்னா எனக்கு கோபம் தமிழ்லதான் வரும், உங்க ஆபீஸ்ல யாரையாவது விட்டு மொழிபெயர்த்துக்கோங்க.

விஷயத்துக்கு வரேன். ஒரு பிளேயர் உங்க எட்டு ஸ்கூல்ல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறினா அந்தப் பையன் ஒரு வருஷம் ஆடக்கூடாது, பிராக்டிஸ் மட்டும் பண்ணலாம், மேட்ச் அன்னைக்கு கட்டம் போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு ஓரமா உட்கார்ந்து கை தட்டலாம். இதுக்கு ரெசிடென்சின்னு பேரு. சரி, ஒரு வருஷம்னா சட்டத்துலயே இடம் இருக்கு, அதுல நான் சண்டைக்கு வரல. ஆனா ஒவ்வொரு தடவை ஒரு பெரிய பிளேயர் மாறும்போதும் ரூலை இன்னும் இறுக்கணும், இன்னும் உட்கார வைக்கணும், ஆடற வருஷத்துல கை வைக்கணும்னு ஒரு சத்தம் கிளம்புது பாருங்க, அந்தச் சத்தத்துக்கு நீங்க காது குடுக்கக் கூடாதுன்னு கேட்டுத்தான் இந்த லெட்டர். 2024ல மேசன் ஏமோஸ்ங்கற பிளேயர் அட்டேனியோல இருந்து அதோட பரம எதிரியான லா சால் யுனிவர்சிட்டிக்கு போறேன்னு சொன்னப்ப ஆன்லைன்ல என்னென்ன பேசினாங்கன்னு உங்களுக்கே தெரியும். அட்டேனியோ நீலத்துல இருந்து லா சால் பச்சைக்கு போயிட்டான், அவ்வளவுதான் குத்தம். நாட்டை வித்தவனைக்கூட அப்படி திட்ட மாட்டாங்க.

ஸ்கூல் மாறினவன் துரோகின்னு சொல்ற முன்னாடி உங்க சொந்த ஜாதகத்தை கொஞ்சம் எடுத்துப் பாருங்க.

1924ல என்சிஏஏன்னு உங்களுக்கு முந்தின காலேஜ் லீக் ஆரம்பிச்சப்ப அதுல யாரு இருந்தா? யூபி, யூஎஸ்டி (சாண்டோ தோமஸ் யுனிவர்சிட்டி), என்யூ (நேஷனல் யுனிவர்சிட்டி), அட்டேனியோ, லா சால், எல்லாரும் இருந்தீங்க. அப்புறம் யூபியும் யூஎஸ்டியும் என்யூவும் அங்க இருந்து கிளம்பி, எஃப்இயூவையும் (ஃபார் ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி) சேர்த்துக்கிட்டு 1938ல இந்த யூஏஏபியவே தொடங்குனீங்க. அட்டேனியோ என்சிஏஏல அடிதடி தாங்கலன்னு 1978ல இங்க வந்து சேர்ந்துச்சு. லா சால் 1980ல ஒரு மேட்ச்ல நடந்த கலவரத்துக்கு அப்புறம் என்சிஏஏவை விட்டு விலகி, அஞ்சாறு வருஷம் அந்தரத்துல நின்னுட்டு 1986ல உள்ள வந்துச்சு. அதாவது உங்க லீக்கோட அஸ்திவாரமே டிரான்ஸ்ஃபர்தாங்க. இருந்த இடம் ஒத்து வரல, வேற இடம் பார்த்துக்கிட்டோம்னு நூறு வருஷமா இன்ஸ்டிட்யூஷனே பண்ணின வேலைய, கோச் மாறிட்டாரு, ஆட சான்ஸ் கிடைக்கல, படிக்கிற கோர்ஸ் சரி வரலன்னு ஒரு 19 வயசுப் பையன் பண்ணினா மட்டும் கசக்குதா?

போட்டிய குறைச்சுப் பேசறேன்னு நினைச்சுடாதீங்க. இந்தப் போட்டிதான் மணிலால எனக்கு கிடைச்ச சந்தோஷத்துலயே பெருசு. அட்டேனியோ லா சால் மேட்ச்சுன்னா ஒரு பாதி நீலம் ஒரு பாதி பச்சை, ரெண்டு பக்கமும் டிரம் அடி, பக்கத்து சீட்டுக்காரன் காதுல கத்தினாலும் கேக்காது. சியர்டான்ஸ் போட்டி அன்னைக்கு பந்தே கிடையாது, இருந்தும் அரங்கம் நிரம்பிடும், 2013ல யூபியோட சியர்டான்ஸ் டீமான பெப் ஸ்குவாட்ல பொண்ணுங்களும் சேர்த்து மொட்டை அடிச்சுட்டு வந்து நின்னதை இன்னமும் பேசறாங்க. எனக்கு இதுல எல்லாம் ரொம்ப பிடிச்சது மேட்ச் முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற ரெண்டு நிமிஷம். அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணிட்டு இருந்த கூட்டம், ரெண்டு ஸ்கூலோட பாட்டையும் போடும்போது எழுந்து நின்னு எதிராளி பாட்டு முடியிறவரைக்கும் வாய மூடிட்டு நிக்கும், யூபிகாரங்க முஷ்டிய உயர்த்திட்டு பாடுவாங்க, அழுதுட்டே பாடற ஆட்களையும் பார்த்திருக்கேன். முதல் தடவை இது என்னடா கோயில்ல தீபாராதனைக்கு நிக்கற மாதிரி நிக்கறாங்கன்னு நினைச்சேன்.

அப்புறம் அந்த 2014 பான்ஃபயர். அந்தக் கதைய எனக்கு யூபில படிச்ச என் ஆபீஸ் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, சொல்லும்போதே முகம் எல்லாம் சிரிப்பு. யூபி டீம் தொடர்ந்து 27 மேட்ச் தோத்துட்டு இருந்துச்சு. இருபத்தேழு! 2013 சீசன்ல பதினாலுக்கு பதினாலும் அவுட்டு. 2014 ஆகஸ்ட்ல ஆடம்சன் டீமை ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க. வழக்கமா சாம்பியன்ஷிப் ஜெயிச்சாத்தான் ஸ்கூல்ல பான்ஃபயர் கொளுத்துவாங்க, இவங்க அந்த ஒத்த ஜெயிப்புக்கு டிலிமான் கேம்பஸ்ல கட்டையை அடுக்கி கொளுத்திட்டாங்க. ஊரே சிரிச்சது, அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. கப்பும் இல்ல, காசும் இல்ல, டேபிள்ல அடிமட்டம், ஆனா அந்த ராத்திரிய யாராலயும் விலைக்கு வாங்க முடியாது. போட்டின்னா எனக்கு இதுதாங்க.

இதே யூபி 2022 மே 13ஆம் தேதி மால் ஆஃப் ஏசியா அரீனால அட்டேனியோவை ஃபைனல்ஸ் மூணாவது மேட்ச்ல சாய்ச்சு 1986க்கு அப்புறம் முதல் தடவையா சாம்பியன் ஆச்சு. 36 வருஷம். ஓவர்டைம், கடைசி நொடி, மூணு பாயிண்ட் ஷாட், 72க்கு 69. அந்த ஷாட்டை போட்டது யாரு? ஜேடி ககுலாங்கன். அவர் எங்க இருந்து வந்தவரு? லா சால். ஹைஸ்கூலும் லா சால் கிரீன்ஹில்ஸ்தான், காலேஜ்ல ஆட ஆரம்பிச்சதும் லா சால்லதான், அங்க இருந்து யூபிக்கு மாறினவரு. உட்கார வேண்டிய வருஷத்துல கொரோனா வந்து சீசன் 83 மொத்தமா கேன்சல் ஆகி லீகே உட்கார்ந்துடுச்சு. அதே டீம்ல இருந்த ரிக்கி ரிவேரோவும் லா சால்ல இருந்து வந்தவருதான், அவரு ஒரு சீசன் முழுக்க வெளிய இருந்துட்டு வந்தாரு. இவங்களை எல்லாம் இன்னும் இறுக்கிப் பிடிச்சிருந்தீங்கன்னா உங்க லீக்கோட மறக்க முடியாத அந்த ராத்திரியே நடந்திருக்காது. டிவில அந்த கிளிப்பை ஓட்டி ஓட்டி விளம்பரம் பண்றீங்க இல்ல, அதுல இருக்கிறது ஒரு டிரான்ஸ்ஃபர் பையன்ங்கறதை மட்டும் மறந்துடறீங்க.

இறுக்கிப் பார்த்த அனுபவம் உங்களுக்கு ஏற்கனவே இருக்கு. 2013ல ஹைஸ்கூல் முடிச்ச பசங்க மேலயே கை வச்சீங்க. உங்க ஒரு ஸ்கூலோட ஹைஸ்கூல் டீம்ல ஆடிட்டு உங்களோட இன்னொரு ஸ்கூல் காலேஜுக்கு போனா ரெண்டு வருஷம் வெளிய உட்காரணும்னு. எஃப்இயூ ஹைஸ்கூல் ஸ்டாரா இருந்த ஜெரி பிங்காய் அட்டேனியோவுக்கு போனாரு, ரெண்டு வருஷம் உட்கார்ந்தாரு, ஊரே அதை பிங்காய் ரூல்னுதான் கூப்பிட்டுச்சு. ஒரு பையன் பேர்ல ஒரு தண்டனைய ஞாபகம் வச்சுக்கற அளவுக்கு பண்ணிட்டீங்க. அதே வருஷம் யூஎஸ்டி ஹைஸ்கூல்ல இருந்து யூபிக்கு போன நீச்சல்கார பொண்ணு ஒருத்தி கோர்ட்டுக்கு போய் உத்தரவு வாங்கிட்டு வந்துதான் தண்ணில இறங்க வேண்டி இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஹைஸ்கூல் முடிச்ச ஒரு பொண்ணு தான் விரும்பின காலேஜ்ல சேர்ந்து நீச்சல் அடிக்கறதுக்கு வக்கீல் வைக்கணும்.

அதுல இருந்துதான் செனட்டர் பியா காயெட்டானோ கையில எடுத்து, 2015 ஆகஸ்ட்ல ரிபப்ளிக் ஆக்ட் 10676, ஸ்டூடண்ட் அத்லீட் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. ஹைஸ்கூல் முடிச்சு காலேஜுக்கு போறவங்களுக்கு ரெசிடென்சியே கிடையாது, காலேஜ் விட்டு காலேஜ் போனா அதிகபட்சம் ஒரு வருஷம். அதிகபட்சம்ங்கற அந்த வார்த்தைய தயவுசெஞ்சு நல்லா பாருங்க, கண்டிப்பா ஒரு வருஷம்னு அதுல இல்ல. காயெட்டானோ மேடம் யூபில வாலிபால் ஆடினவங்க, கையெழுத்து போட்ட பிரசிடெண்ட் அக்கினோ அட்டேனியோவுல படிச்சவரு. யூபி எழுதி அட்டேனியோ கையெழுத்து போட்ட சட்டம், இதுக்கு மேல ரெண்டு கோஷ்டியையும் ஒண்ணு சேர்க்க யாராலயும் முடியாது.

இப்ப நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். காசு இருக்கிற ஸ்கூல் காசு இல்லாத ஸ்கூல்ல இருந்து பிளேயரை கொத்திட்டு போயிடுதே, அதை எப்படி தடுக்கறதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், இதை மறுக்க மாட்டேன். ஆடம்சன் கடைசியா சாம்பியன் ஆனது 1977ல, யூஈ (யுனிவர்சிட்டி ஆஃப் த ஈஸ்ட்) 1985ல. அங்க ஒரு கோச் யாருக்கும் தெரியாத ஊர்ல இருந்து ஒரு பையனை தேடிப்பிடிச்சு கொண்டு வந்து, சோறு போட்டு, ஷூட் பண்ண கத்துக்குடுத்து ரெண்டு சீசன்ல தேத்தி விட்டா, மூணாவது சீசனுக்கு அவன் வேற கலர் ஜெர்சில எதிர்ல நிக்கறான். அந்த கோச்சோட வயித்தெரிச்சல் எனக்கு புரியுது. அட்டேனியோவுக்கு பின்னாடி தொழிலதிபர் மேனி பாங்கிலினான் இருக்காரு, லா சாலுக்கு தொழிலதிபர் டான்டிங் கொஹுவாங்கோ உயிரோட இருந்தவரைக்கும் இருந்தாரு, என்யூவை 2008ல மால் எல்லாம் நடத்தற எஸ்எம் குரூப் எடுத்துக்கிச்சு, 2014ல அவங்க 60 வருஷத்துக்கு அப்புறம் கப்பு அடிச்சாங்க. தன் காலேஜுக்கு ஒருத்தர் செலவு பண்றது தப்புன்னு நான் சொல்லல. ஆனா எட்டு ஸ்கூலும் ஒரே மட்டத்துல நிக்கலங்கறது ஊரறிஞ்ச சங்கதி.

சரி, கொத்திட்டு போறது தப்புன்னா தண்டனை கொத்தினவங்களுக்கு இல்ல வரணும்? நீங்க எப்பவும் பையனையே உட்கார வைக்கறீங்க. கூப்பிட்ட ஸ்கூல் அந்த சீசனும் ஆடும், கூப்பிட்ட ஆள் முதல் வரிசைல உட்கார்ந்து பார்ப்பாரு, ஒரு ஆளுக்கு ஆடறதுக்கு மொத்தமே அஞ்சு சீசன்தான், அதுல ஒண்ணு போறது அவனுக்கு மட்டும்தான்.

ஸ்கூலை தண்டிக்க உங்களுக்கு தெரியாதுன்னு சொல்ல முடியாது, ஒரு தடவை பண்ணியிருக்கீங்க. ரெண்டு பிளேயருங்க பொய்யான தகுதி பேப்பர் குடுத்து சேர்ந்தாங்கன்னு 2005ல லா சாலே வெளிய சொல்லிச்சு, 2004 சாம்பியன்ஷிப்பை எஃப்இயூவுக்கு விட்டுக்குடுத்துச்சு, 2006 சீசன் முழுக்க லா சாலை நீங்க வெளிய நிறுத்தினீங்க. அட்டேனியோ லா சால் மேட்ச்சே இல்லாத ஒரு வருஷம், டிக்கெட் காசு எவ்வளவு போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க, இருந்தும் நிறுத்தினீங்க. லீக் செத்துப்போச்சா? 2007ல லா சால் திரும்ப வந்து, அந்த சீசன்ல 14 மேட்ச்சும் தோக்காம ஃபைனலுக்கு வந்த யூஈயை சாய்ச்சு கப்பை தூக்கிட்டு போச்சு. (யூஈ ரசிகர்கள் மன்னிக்கணும், இதை ஞாபகப்படுத்தாம என்னால சொல்ல முடியல.) அன்னைக்கு இருந்த தைரியம் இப்ப எங்க போச்சு?

எங்க பில்டிங்ல ரெசிடென்சில உட்கார்ந்திருந்த ஒரு பையன் குடியிருந்தான், எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன், சொன்னா அவன்தான்னு கண்டுபிடிச்சுடுவாங்க. ஆறடிக்கு மேல ஆளு, லிஃப்ட்ல குனிஞ்சுதான் நிப்பான். காலைல இருட்டோட பிராக்டிஸுக்கு போயிட்டு முட்டில ஐஸ் பையை கட்டிக்கிட்டு நொண்டிட்டே வருவான், அப்புறம் கிளாஸ், சாயங்காலம் திரும்ப ஜிம். டீம்ல மத்தவங்க பண்ற அத்தனையும் அவனும் பண்ணுவான், மேட்ச் மட்டும் கிடையாது. மேட்ச் அன்னைக்கு சாயங்காலம் கீழ கடைல சியோமாய் சாதம் வாங்க நிப்பான், கடைல டிவி ஓடும், அவன் டீம்தான் ஆடிட்டு இருக்கும், அவனுக்கு டிராவல் லிஸ்ட்லயே பேர் இல்லைன்னு சொன்னான். ஏன் மாறினேன்னு ஒருநாள் கேட்டேன். பழைய ஸ்கூல்ல கோச் மாறிட்டாரு குயா (அண்ணா), புது கோச் வந்ததும் நான் விளையாடற இடத்துக்கு அவர் ஆளை கொண்டு வந்துட்டாரு, வீட்ல தம்பிங்க இருக்காங்க, நான் புரோ ஆகணும்னா மைதானத்துல ஆள் கண்ணுக்கு தெரியணும்லன்னான். காசுக்கு விலை போனவன்னு ஃபோன்ல வந்த மெசேஜ் ஒண்ணை காட்டினான், எழுதினது அவன் பழைய ஸ்கூல்ல படிக்கிற பையன்தான். ஒரு காலத்துல இவன் ஜெர்சிய போட்டுக்கிட்டு மேல் வரிசைல கத்தினவனா இருப்பான்.

கோச்சுக்கு ரெசிடென்சி இல்லீங்களே. கோச் இந்த சீசன் முடிச்சு அடுத்த சீசன் எதிர் ஸ்கூல் பெஞ்சுல போய் நிக்கலாம், அதுக்கு யாரும் ரூல் எழுதறதில்ல. டிவி உரிமைகூட ஏபிஎஸ்சிபிஎன் சேனல்ல இருந்து 2020ல சிக்னல்ங்கற கம்பெனிக்கு மாறிடுச்சு, அதை யாரும் துரோகம்னு சொல்லல, கான்ட்ராக்ட்னு சொன்னாங்க.

அதனால கேக்கறேன். அந்த அதிகபட்சம் ஒரு வருஷத்தை எல்லாருக்கும் கண்ணை மூடிட்டு போடாம, பழைய ஸ்கூல்ல கோச் மாறிப் போனா, ஸ்காலர்ஷிப்பை வெட்டினா, ரெண்டு சீசனா ஆட இடமே குடுக்காம உட்கார வச்சிருந்தா, அந்தப் பையனை அந்த வருஷமே ஆட விடுங்க. ஆடற வருஷத்தை வெட்டற பேச்சை அஜெண்டாலயே எடுக்காதீங்க. பழைய ஸ்கூல்கிட்ட விடுவிச்சதுக்கான ரிலீஸ் பேப்பர் கேட்டா இத்தனை நாளைக்குள்ள குடுக்கணும்னு ஒரு கெடு வைங்க, குடுக்கலன்னா குடுத்ததா கணக்குன்னு எழுதிடுங்க, பேப்பரை இழுத்தடிச்சே ஒரு செமஸ்டரை தின்னுடற பழக்கம் எல்லா ஊர்லயும் உண்டு. சட்டத்துல ஒரு அத்லீட்டுக்கு என்னென்ன குடுக்கலாம்னு, ட்யூஷன், தங்கற இடம், சாப்பாடு, நியாயமான மாசச் செலவு, இன்சூரன்ஸ்னு சொல்லியிருக்கு, அதுக்கு மேல போகக்கூடாதுன்னும் சொல்லியிருக்கு. அப்ப ஒவ்வொரு ஸ்கூலும் ஒரு பிளேயருக்கு வருஷத்துக்கு என்ன குடுக்குதுன்னு, பேர் போடாம தொகை மட்டும், வெளிய போடுங்க. மேல போன ஸ்கூலுக்கு பாயிண்ட்டை வெட்டுங்க, 2006ல பண்ணின மாதிரி தேவைப்பட்டா சீசனையே வெட்டுங்க. அப்ப ஆடம்சனுக்கும் யூஈக்கும் பையனை உட்கார வைக்காமலேயே நியாயம் கிடைக்கும்.

இன்னொண்ணு, இதுக்கு ரூல் எல்லாம் தேவையில்ல, ஒரு பேஜ்ல நாலு வரி போட்டா போதும். ஒரு பையன் மாறினான்னு அவனை குடும்பத்தோட சேர்த்து திட்ட ஆரம்பிக்கும்போது, அவன் விட்டுட்டு போற ஸ்கூலே முதல் ஆளா அவனுக்கு நன்றி சொல்லி ஒரு போஸ்ட் போடணும், ரெண்டு வருஷம் எங்களுக்காக ஆடினான், நல்லா இருக்கட்டும்னு. ரசிகர்கள் ஸ்கூல் எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்துத்தான் பேசறாங்க. எதிர் ஸ்கூல் பாட்டுக்கே எழுந்து நிக்கத் தெரிஞ்ச கூட்டம் அது, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்.

யூபிகாரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. 2022ல வேற ஸ்கூல்ல இருந்து வந்த பசங்களை தோள்ல தூக்கிட்டு ஆடினீங்க, நல்லது. அதுக்கப்புறம் உங்ககிட்ட இருந்து லா சாலுக்கு பசங்க போனப்ப உங்க ஆளுங்க பேசின பேச்சையும் நான் படிச்சேன். வர்றப்ப ஹீரோ, போறப்ப துரோகியா?

அடுத்த சீசன் ரூல் புக்கை எழுத உட்காரும்போது எட்டு ஸ்கூல்ல இருந்தும் இப்ப ஆடற ஒரு பிளேயரையாவது அந்த ரூம்ல உட்கார வைங்க, ஓட்டு உரிமையோட. இதுக்கு மட்டுமாவது எனக்கு ஒரு பதில் வந்தா சந்தோஷப்படுவேன், இங்கிலீஷ்லயோ தகலாக்லயோ இருந்தா பரவாயில்ல, பக்கத்து ரூம் மெடிக்கல் ஸ்டூடண்ட் படிச்சு சொல்லிடுவான்.

அட்டேனியோ லா சால் மேட்ச் டிக்கெட் ஸ்டூடண்ட்ஸுக்கு ஏன் கிடைக்க மாட்டேங்குது, வெளிய கள்ளத்துல மட்டும் எப்படி கிடைக்குதுங்கறது பத்தி தனியா ஒரு லெட்டர் வரும், அது இதைவிட நீளம்.

இப்படிக்கு,
கட்டிபூனான் ரோட்டு வாடகை வீட்டுக்காரன்